கைவழி வகுப்பு

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் முப்பத்தொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒவ்வொரு தலையிலும் ஒரு காதுமாட்டி. பெரும்பாலான மேசைகளில் பிளாஸ்டிக் கட்டைகளும் இருந்தன. திரை சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கட்டைகளை அடுக்கிக் கலைத்தார்கள்.

கணக்கு டீச்சர் மேகலா மேசைகளுக்கு நடுவே நடந்தாள். சார்ஜ் இறங்கிய காதுமாட்டியை மாற்றுவது, கீழே விழுந்த கட்டையை எடுத்துக் கொடுப்பது, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது. பதவியின் பெயர் இன்னும் பட்டதாரி ஆசிரியர்தான். கடைசியாக எப்போது சாக்பீஸ் பிடித்தோம் என்று யோசித்தால் அவளுக்கே வருடம் நினைவுக்கு வராது.

தன்வழிக் கல்வித் திட்டம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வந்தபோது அவள் கைதட்டித்தான் வரவேற்றாள். அதற்கு முன் பத்து வருடம் அரியலூர்ப் பக்கம் ஐம்பது அறுபது பேருக்கு ஒரே கரும்பலகையில் பாடம் எடுத்தவள். பத்துப் பேருக்குப் புரிந்தது, மிச்சப் பேர் எழுதிக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் எப்படிக் கற்கிறது என்று இயந்திரம் அளந்து, அதற்கு ஏற்றபடி பாடத்தை மாற்றித் தரும் என்றார்கள். பார்த்துப் படிக்கிறவன் கண்வழி, கேட்டுப் படிக்கிறவன் காதுவழி, செய்து படிக்கிறவன் கைவழி. யாருக்குத்தான் கசக்கும்?

கசப்பு பிறகு வந்தது. எட்டாம் வகுப்பு முடிவில் நடக்கும் அளவைக்கு முத்திரை அளவை என்று பெயர் வைத்தார்கள். அதில் விழும் முத்திரை ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாறாது. கைவழிப் பிள்ளைகளுக்குச் செய்முறைக் கணக்கு மட்டும். தேற்றம் இல்லை, நிரூபணம் இல்லை. பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டால், ‘உங்கள் வழிக்குப் பொருந்தாது’ என்று திரையே மரியாதையாகச் சொல்லிவிடும். கல்யாணத் தரகர்கள்கூட, “பையன் காதுவழிங்க, பேங்குல வேலை” என்று ஆரம்பித்திருந்தார்கள்.

காவிரிக்கரைத் தறி ஊரான தொட்டிக்காரம்பாளையத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம். இதுவரை நடந்த அளவைகளின்படி இந்த வகுப்பில் இருபத்தொன்பது பேர் கைவழி, இரண்டு பேர் கண்வழி. காதுவழி ஒருவர்கூட இல்லை.

“இதுல என்னம்மா ஆச்சரியம்?” என்றார் தலைமையாசிரியர் குப்புராஜ். சொந்த ஊர்க்காரர். “தறிக்காரப் புள்ளைக. கை வேலைல கெட்டி, காதுல ஏறாது. மெஷின் வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்.”

சத்தம் புகாத கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முத்திரை அளவை இருபத்து நான்காம் தேதி, யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “எனக்குச் சுகரு முந்நூத்திப் பத்து. வீட்டுல யாராச்சும் கேட்டா ஸ்கூல்ல ஸ்வீட்டே தர்றதில்லன்னு சொல்லிருங்க.”

மேகலா சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தாள். நான்காம் வரிசையில் தன்ஷிகா காதுமாட்டியை ஒருபக்கம் தூக்கிவிட்டுக் கேட்டாள். “மிஸ், எச்.எம். சாருக்குச் சுகரு முந்நூத்திப் பத்துங்களா?”

மேகலா திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. “உனக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“கேக்கலீங் மிஸ். வாயைப் பாத்தேன்.” திட்டு விழுமோ என்று நினைத்தவள் அவசரமாகச் சேர்த்தாள். “நான் மட்டும் இல்லீங். எல்லாரும்தான் பாத்தாங்க.”

பின்வரிசையில் நாலைந்து பேர் கட்டைகளில் மும்முரமாவதுபோல் நடித்தார்கள்.

அன்று சாயங்காலம் மேகலா தன்ஷிகாவின் வீட்டுக்குப் போனாள். முன்னால் வீடு, பின்னால் தகரக் கொட்டகையில் எட்டுத் தறி. சத்தமில்லாத புதுத் தறிகள் பெரிய மில்களில் ஓடுகின்றன. இங்கே நூல் சுமந்த நாடா இங்குமங்கும் அடிக்கும் பழைய தறிதான். வாசலில் கால் வைத்ததுமே அதன் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. தன்ஷிகாவின் அம்மா சுகன்யா கடைசித் தறியில் நின்றிருந்தாள். மகள் வாசலில் நின்றபடியே வாயை அசைத்தாள். சத்தம் எழுப்பவில்லை. அம்மா அங்கிருந்தே உதட்டால் ஏதோ சொன்னாள், கூடவே கட்டைவிரலால் ஒரு சைகை. மகள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தறியை நிறுத்திவிட்டு சுகன்யா முந்தானையில் பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்தாள். “வாங்க டீச்சர். காப்பி வைக்கச் சொல்லீருக்கறேன்.”

“எப்பச் சொன்னீங்க?”

“இப்பத்தானுங். நீங்க பாத்துட்டுத்தானே நின்னீங்க?” சுகன்யாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “இந்தச் சத்தத்துல கத்துனா தொண்டைதான் போகும். தொட்டில் கட்டினதே தறிக்குப் பக்கத்துலதான். இவ அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி என் வாயைப் படிச்சுட்டாளுங்க.”

“தெருவுல எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?”

“பின்ன? தறியில்லாத வீட்டுப் புள்ளைகளும் இங்கதான வந்து வெளையாடுது. எங்க பெரியவன் முகிலு இருக்கறானே, அவனும் கணக்குல நல்லாத்தான் இருந்தான். முத்திரை கைவழின்னு வந்துருச்சு. இப்ப பவானில ஏ.சி. ரிப்பேரு பண்றான். பொழப்பு நடக்குது, குத்தம் சொல்லலீங்க. ஆனா, நம்ம புத்தி அவ்வளவுதான்னு அவனே சொல்ல ஆரம்பிச்சுட்டான் பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல.”

திரும்பி நடக்கையில் மேகலாவுக்கு விஷயம் ஒவ்வொன்றாய் இடம்பிடித்து உட்கார்ந்தது. அளவை நாளில் பிள்ளைகளுக்குப் புதிய பாடம் ஒன்றை மூன்று விதமாகத் தருவார்கள். காதுப் பாடத்தில் குரல் வரும், திரை வெறுமையாக இருக்கும். வாயைத் தேடிப் பழகிய பிள்ளை, வாய் இல்லாத குரலைக் கேட்டு என்ன செய்யும்? தவிக்கும். பேச்சோடு சைகையும் சேர்ந்தே வளர்ந்ததால் கை தானாக அசையும். அளவைக்காகக் கட்டிவிடும் நெற்றிப்பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் அதைக் குறித்துக்கொள்ளும். காது மந்தம், கை சுறுசுறுப்பு: கைவழி.

அடுத்த நாள் முதல் பாடவேளையில் அவள் எல்லாருடைய காதுமாட்டியையும் கழற்றச் சொன்னாள். ஸ்டோர் ரூமில் தேடி எடுத்த சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரைந்தாள். அதன் மூன்று கோணங்களும் சேர்ந்தால் ஏன் எப்போதும் நூற்றெண்பதுதான் வர வேண்டும் என்று, பிள்ளைகளைப் பார்த்தபடி, நிதானமாகச் சொன்னாள். பலகைப் பக்கம் திரும்பும்போது பேச்சை நிறுத்தினாள். எழுதியதும் மறுபடி அவர்கள் பக்கம் திரும்பினாள். முடித்ததும் அதையே அவரவர் சொற்களில் எழுதச் சொன்னாள். இருபத்து நான்கு பேர் எழுதியிருந்தார்கள். கைவழிப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று இயந்திரம் ஒதுக்கி வைத்திருந்த பாடம் அது.

தன்ஷிகா தாளின் அடியில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள்: ‘நாலு பக்கத்துக்கு முந்நூத்தி அறுபது வருமா மிஸ்? இரண்டு முக்கோணம்தானே?’

இதைக் கேட்டவள் பதினைந்து நாளில் செய்முறைக் கணக்குக்குப் போகப் போகிறாள்.

திட்டத்தின் மாவட்ட அலுவலர் கௌசிக் முன்னேற்பாடுகளைப் பார்க்க வந்தான். இருபத்தாறு வயது, இஸ்திரி கலையாத சட்டை, எல்லோரிடமும் மரியாதை. வகுப்பின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வராந்தாவில் மேகலா இருபத்து நான்கு தாள்களையும் அவன் முன் வைத்தாள். அவன் உண்மையாகவே ஒவ்வொன்றாகப் படித்தான்.

“சுவாரசியமா இருக்கு மேடம். ஆனா அஞ்சு வருஷ டேட்டா ஒரே மாதிரி இருக்கு. இந்தத் தாளை வச்சு அதை மாத்த முடியாது.”

“அஞ்சு வருஷமும் ஒரே தப்பைப் பண்ணினா ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? உதட்டைப் பாக்கறது காது இல்லையே. கண்ணும் முழுசா இல்லை. புதுசா நாலாவது வகை வேணும்னா மேலிடத்துக்கு எழுதலாம். மூணு வருஷம் ஆகும்.”

“அந்தப் பொண்ணுக்கு இப்ப பதிமூணு வயசு.”

கௌசிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “மேடம், நாங்க யாரையும் தடுக்கலை. வழிதான் காட்டறோம்.”

“வழி காட்டறவர் மத்த வழிக்கெல்லாம் பூட்டுப் போட மாட்டார் தம்பி.”

பக்கத்தில் நின்ற குப்புராஜ் இருமினார். கௌசிக் கோபப்படவில்லை, விளக்கினான். “மெஷின் ஒரு பிள்ளையைத் தனியாப் பாத்து எடை போடறதில்லை. ஒரு வகுப்புல ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் என்ன வித்தியாசம்னு பாக்குது. வித்தியாசத்துல இருந்துதான் வகையே பிறக்குது. முதல் கேள்விக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்களோ, அதைப் பொறுத்து அடுத்த கேள்வி வரும். நாற்பது நிமிஷத்துல ஒவ்வொருத்தரும் தனித்தனிப் பாதையில போயிருப்பாங்க. ஒரு வகுப்பு மொத்தமும் ஒரே பாதையில போனதா இதுவரைக்கும் சரித்திரமே இல்லை.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. இத்திட்டத்தில் முதல் வருடம் முத்திரை வாங்கிய மாணவர்களில் அவனும் ஒருவன்.

அவன் போன பிறகு மேகலா திட்டக் கையேட்டைத் தேடி எடுத்தாள். எண்பத்து நான்கு பக்கம். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து யாரும் பிரிக்காததால் தாள்கள் ஒட்டியிருந்தன. மறுநாளிலிருந்து தினம் அரைமணி நேரம் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள். உங்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மீதி நேரம் காதுமாட்டி இல்லாமல் வடிவியல் நடந்தது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். கேள்வியும் கேட்டார்கள். அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு விதி வந்தது: அளவையில் வகை காண இயலாத மாணவருக்கு ஆசிரியரைக் கொண்டு முழுப் பாடத்திட்டமும் நடத்தப்பட வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்கு மறு அளவை கூடாது. வெளி மாநிலத்திலிருந்து பாதியில் வந்து சேரும் பிள்ளைகளுக்காக எழுதியது.

“அதை இன்னொருக்கா படிங்க மிஸ்” என்றாள் தன்ஷிகா.

மேகலா இன்னொரு முறை படித்தாள். நிறுத்தி நிதானமாக, அவர்களைப் பார்த்தபடி.

நான்காம் நாள் மெமோ வந்தது. 17பி, ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு. காதுமாட்டிகள் அணைந்திருப்பதைத் திட்டத்தின் கணினியே கண்டுபிடித்துத் தகவல் அனுப்பிவிட்டது. குப்புராஜ் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கெஞ்சாத குறையாகப் பேசினார். “ஏம்மா மேகலா, இன்கிரிமென்ட் போகும், புரமோஷன் போகும். எதுக்கும்மா? வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்.”

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். ‘நான் ஆசிரியர். பாடம் நடத்தினேன். தொடர்ந்து நடத்துவேன்.’

குப்புராஜ் படித்தார். “இதுல வருத்தம் எங்கம்மா இருக்குது?”

“எனக்கு அது இல்லைங்க சார்.”

அவர் தாளை மடித்து உறையில் போட்டார். அவளைப் பாராமல் சொன்னார். “எங்கப்பாவும் தறிதான் ஓட்டுனாரு. நானும் வாயைப் பாத்துத்தான் பேசக் கத்துக்கிட்டேன். காலேஜ் போய்த்தான் மறந்தேன். காதுல ஏறாதுன்னு நானே சொன்னேன் பாருங்க.”

எல்லாம் ஒரே பக்கமாகப் போகவில்லை. அன்று மதியம் தீபன் வந்து நின்றான். அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருக்கிறார். வகுப்பிலேயே உயரம், வகுப்பிலேயே குறைவாகப் பேசுபவன்.

“மிஸ், எனக்குக் கட்டை வேணும்.”

“என்னப்பா?”

“நீங்க போர்டுல சொல்றது எனக்கு ஏறலை. அஞ்சாப்பு வரைக்கும் பின்னம்னா என்னன்னே தெரியாதுங் மிஸ். எல்லாரும் மக்குன்னாங்க. கட்டை குடுத்ததும்தான் புரிஞ்சுது. பாதியும் பாதியும் கையில இருக்குமில்லீங்களா?” அவன் கண்கள் கலங்கியிருந்தன. “நீங்க மெஷின் வேண்டாங்கறீங்க. எனக்கு அது வேணுங் மிஸ்.”

மேகலா கட்டைப் பெட்டியை எடுத்து அவன் முன் வைத்தாள். அரியலூரில் எழுதி மட்டும் எடுத்துக்கொண்டிருந்த அந்த நாற்பது ஐம்பது பேரில் எத்தனை தீபன்கள் இருந்தார்களோ? அன்றைக்கு அவர்களைப் பெயில் போட்டவள் அவள்தான். “எடுத்துக்கோ, உன் கட்டையை யாரும் பிடுங்க மாட்டாங்க” என்றாள். சொல்லும்போதே, இந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்பதும் அவளுக்கு உறைத்தது. கதவருகே நின்றிருந்த தன்ஷிகா இரண்டு பேருடைய உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து நான்காம் தேதி காலை கௌசிக் ஆட்களோடு வந்தான். மேசைகளை வட்டமாகப் போட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துவிடக் கூடாது என்று திட்டமே வகுத்த ஏற்பாடு: எல்லாத் திரைகளும் முதுகைக் காட்டி நிற்கும், பிள்ளைகள் வட்டத்தின் உள்பக்கம் பார்த்து உட்காருவார்கள். கிசுகிசுத்தாலும் பிடித்துவிடும் ஒலிவாங்கிகள் நான்கு மூலையிலும் இருந்தன. திரைகள் மார்பளவுதான். முகங்களை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மேகலா சுவரோரம் நின்றாள். அவள் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர்களும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அளவை தொடங்கியது. முப்பது பேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். தீபன் மட்டும் வழக்கம்போலக் கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொரு கேள்விக்கும் தலைகள் ஒரு கணம் நிமிர்ந்தன, குனிந்தன. தன்ஷிகாவின் உதடுகள் லேசாக அசைந்தன. சில கேள்விகளுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பையன் மறுத்துத் தலையசைக்க, இன்னொருத்தியின் உதடுகள் ஏதோ சொல்ல, தன்ஷிகா யோசித்துத் திரும்பவும் வாயசைத்தாள். அங்கே ஒரு விவாதமே நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தும் மேகலாவுக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கௌசிக் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு நேராகப் போனது.

வாசலில் நின்றிருந்த குப்புராஜ் மட்டும் உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி நின்று மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

முடிவு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கௌசிக் திரையை மூன்று முறை அணைத்துப் போட்டான்.

“மேடம், முப்பது பேரும் ஒரே பாதையில போயிருக்காங்க. எழுபத்திரண்டு கேள்வி, எழுபத்திரண்டும் ஒரே விடை. வித்தியாசமே இல்லாததால வகை காண இயலவில்லைன்னு வந்திருக்கு.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “இது காப்பி.”

“மைக்கில ஏதாவது பதிவாகியிருக்கா?”

“இல்லை.”

“ஒருத்தர் திரையை ஒருத்தர் பாத்தாங்களா?”

“பாக்கவே முடியாது. ஆனா பத்தொன்பதாவது கேள்வியைப் பாருங்க. விடை நாலு. முப்பது பேரும் ஆறுன்னு போட்டிருக்காங்க. சரியான விடை ஒத்துப்போகலாம். தப்பு எப்படி மேடம் ஒத்துப்போகும்?”

மேகலா குனிந்து கேள்வியைப் படித்தாள். கோணங்களைப் பற்றியது. போன வாரம் பலகையில் அவசரத்தில் அவள் செய்த பிழை. இரவு வீட்டில் நினைவு வந்து, நாளைக்குத் திருத்த வேண்டும் என்று நினைத்து, மெமோ அமளியில் மறந்தே போனது.

“அது என் தப்பு” என்றாள். “நான் நடத்தினதுல வந்தது. ஒரே டீச்சர்கிட்ட முப்பது பேர் படிச்சா ஒரே தப்புதான் வரும். உங்களுக்கு அந்த மாதிரி வகுப்பு வாய்க்கலை, அதான் தெரியலை. தாராளமா எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

“உங்க மேல இன்னொரு மெமோ வரும்.”

“வரட்டும். அதுவரைக்கும் அறுபத்தோராம் பக்கம் இருக்கு. முப்பது பேருக்கும் முழுப் பாடம், ரெண்டு வருஷத்துக்கு மறு அளவை கிடையாது. நீங்க எழுதின விதி.”

கௌசிக் குப்புராஜைப் பார்த்தான். “சார், நீங்க வாசல்லயேதான நின்னீங்க? எதாவது பாத்தீங்களா?”

“வேப்பமரத்துல கிளி வந்திருந்துச்சுங்க” என்றார் குப்புராஜ். “அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

அவன் அறிக்கையை எழுதினான். மேகலா கையெழுத்துப் போட்டாள். வண்டி ஏறுவதற்கு முன் ஒருமுறை திரும்பி வந்து கேட்டான். “அந்த ஒரு பையன் மட்டும் தனியாப் போயிருக்கான். தெளிவான கைவழி. சந்தேகத்துக்கே இடமில்லை. அவனை மட்டும் மெஷின் எப்படிச் சரியாப் பிடிச்சுது?”

மேகலாவுக்கும் அதுதான் தெரியவில்லை. வண்டி கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு தன்ஷிகாவைக் கூப்பிட்டாள். “தீபனை ஏன் விட்டுட்டீங்க?”

“விடலீங் மிஸ். அவனுக்குக் கட்டைதான் வேணும்னான். சரி, உன் இஷ்டத்துக்கு எழுதுடான்னுட்டோம்.”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, அவனுக்கு அதுதான் வேணும்னு?”

தன்ஷிகா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்த டீச்சர் இதைக் கேட்கிறாரே என்பதுபோல.

“கேட்டோமுங் மிஸ்.”

“அவனையா?”

“எல்லாரையும்தான். யாருக்கு எப்படிச் சொன்னாப் புரியும்னு, முப்பத்தொரு பேரையும் உக்கார வச்சுக் கேட்டோம்.” வகுப்பு மணி அடித்தது. அவள் ஓடத் தயாரானாள். “இன்டர்வெல்லுலயே முடிஞ்சிருச்சுங்.”